எனக்கு மட்டும் திறந்த கதவு

கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவனுக்கு ஒரு வசதி உண்டு. அவன் பிழை விட்டால் முதல் மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஊரில் ஒருவரும் அவனைச் சந்தேகிக்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய வசதி, அவனும் தன்னைச் சந்தேகிக்க மாட்டான். இந்த இரண்டு வசதிகளையும் ஒரே காலையில் முழுமையாக அனுபவித்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. கொழும்பில் ஒரு கம்பனியில் எட்டு மாதம் வேலை பார்த்துவிட்டு, இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சாய்ந்தமருதுக்குத் திரும்பியிருந்தேன். அந்த எட்டு மாதத்தில் நான் செய்ததில் பெரும்பகுதி, கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குப் புதுக் கடவுச்சொல் போட்டுக் கொடுத்தது. ஆனால் உம்மா இதை ஊருக்குச் சொன்ன விதம் வேறு. "மகன் கிளவுட்ல வேலை செய்யிறான்" என்றாராம். கிளவுட் என்றால் மேகம் என்று தெரிந்த பக்கத்து வீட்டு மாமி, "அப்ப பிளேன்லயா போய் வாற?" என்று கேட்டதாகவும் உம்மா அதை மறுக்கவில்லை என்றும் பின்னால் அறிந்தேன். (எனக்குத் தெரிந்த பிறகு நானும் மறுக்கவில்லை.)

உம்மாவின் தம்பி ஆதம்பாவா மாமாவுக்குக் கல்முனையில் நான்கு வெட்டு மெசின்கள் இருந்தன. வயலுக்குள் இறங்கி, கதிரை வெட்டி, அடித்து, தூற்றி, நெல்லாகக் கொட்டும் பெரிய இயந்திரங்கள். பெரும்போக அறுவடை வந்தால் நாவிதன்வெளிப் பக்கத்து வயல்காரர் எல்லாருக்கும் ஒரே கிழமையில் அது வேண்டும். பழுத்த கதிர் காத்திருக்காது. இடையில் ஒரு மழை விழுந்தால் நிற்கிற பயிர் படுத்துவிடும். எனவே எந்த மெசின் எந்த நாள் யாருடைய வயலுக்குப் போவது என்பது ஒரு குட்டி அரசாங்கம் நடத்துகிற வேலை. அதை நடத்தியவள் மாமாவின் மகள் றிஸ்னா. அவளிடம் இருந்தது தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பியும் ஒரு போனும் மட்டும்தான். சண்டை வந்தால் கொப்பியைத் திறந்து காட்டுவாள், சண்டை முடிந்துவிடும்.

நான் அதை நவீனப்படுத்தினேன். வயல்காரர் தாங்களே போனில் பதிந்துகொள்ளவும், சிஸ்டம் தானாகவே அடுத்த நாள் வரிசையைப் போடவும், காலையில் டிரைவர்மார் போனைத் திறந்தால் போகவேண்டிய இடம் தெரியவும் ஒரு இணையத்தளம் செய்தேன். அது ஓடுவதற்கு வெளிநாட்டில் ஒரு கிளவுட் கம்பனியில், மாமாவின் பெயரில், ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தேன். எல்லாம் முடிந்த அன்று றிஸ்னாவின் மேசையிலிருந்த சீஆர் கொப்பியை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

"இனி இது தேவல்ல மச்சி."

"சரி மச்சான்" என்றாள்.

அந்தச் "சரி"யின் பொருளை நான் அன்றே விளங்கியிருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு கிழமை சிஸ்டம் அழகாக ஓடியது. மாமா வயல் வரம்பில் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் போனைத் திறந்து காட்டினார். அந்த நாட்களில் உம்மாவும் மாமாவும் குரலைத் தாழ்த்தி எதையோ கதைப்பார்கள், நான் வந்தால் நெல் விலையைப் பற்றிக் கதைப்பார்கள். விசயம் எனக்கும் றிஸ்னாவுக்குமான கல்யாணம் என்று எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும். "வேளாண்மை வெட்டி முடியட்டும், பேசுவம்" என்று மாமா சொல்லியிருந்தார். அதாவது அந்த அறுவடை நெல்லுக்கு மட்டும் நடக்கவில்லை.

இப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, சர்வரில் யார் யார் வந்து போயிருக்கிறார்கள் என்ற பதிவைத் திறந்து பார்த்தேன்.  உலகத்தின் ஏதேதோ மூலைகளிலிருந்து, பெயர் தெரியாத ஆட்கள், நிமிடத்துக்குப் பல தடவை எங்கள் சர்வருக்குள் நுழையக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இணையத்தில் இருக்கிற எந்தச் சர்வருக்கும் இது நடக்கும் என்பதும், தட்டுவது பெரும்பாலும் ஆட்களல்ல, தானாக ஓடும் நிரல்கள் என்பதும் இன்று எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தோன்றியது, ஆதம்பாவா ஹாஜியாரின் நான்கு வெட்டு மெசின்களையும் கைப்பற்ற உலக நாடுகள் கூடிச் சதி செய்கின்றன என்று.

சர்வருக்கு முன்னால் ஃபயர்வோல் என்று ஒரு காவல் உண்டு. எந்த விலாசத்திலிருந்து வருபவரை எந்த வாசலால் உள்ளே விடுவது என்று நாம்தான் அதற்கு விதி எழுதிக் கொடுக்கவேண்டும். எங்கள் சர்வருக்கு இரண்டு வாசல். ஒன்று இணையத்தளத்தைப் பார்க்க வரும் பொதுமக்களுக்கு. மற்றது, தூரத்திலிருந்து சர்வரைத் திருத்த நான் போய்வரும் வாசல். திருடர்கள் தட்டியது இரண்டாவதை. அதை மட்டும் பூட்டியிருந்தால் இன்று நான் நல்ல பெயரோடு இருந்திருப்பேன்.

நான் பழைய விதிகள் எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு ஒரேயொரு விதி எழுதினேன்: இந்த விலாசத்திலிருந்து வந்தால் எல்லா வாசலும் திறக்கலாம், வேறு யார் வந்தாலும் எதுவும் திறக்கக்கூடாது. எந்த விலாசம் என்று கேட்ட இடத்தில், "என் விலாசம்" என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினேன். எங்கள் வீட்டு இன்டர்நெட்டின் இலக்கம் தானாக வந்து விழுந்தது.

பரிசோதிக்காமல் விடுகிற ஆள் நான் இல்லை. லெப்டொப்பில் திறந்து பார்த்தேன், திறந்தது. போனில் பார்த்தேன், அதிலும் திறந்தது. (போனும் அதே வீட்டு வைஃபையில்தான் இருக்கிறது, வெளியுலகத்துக்கு இரண்டும் ஒரே விலாசம்தான் என்பதை நான் ஒரு பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.) குடும்பக் குழுமத்தில் "பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டது" என்று ஒரு அறிவித்தல் போட்டேன். மாமா பெருவிரலை உயர்த்தி ஒரு படம் அனுப்பினார்.

அதோடு நின்றேனா. பின்னேரம் கல்முனைக்குப் போய், கிளவுட் கணக்குக்குள் யார் நுழைந்தாலும் மாமாவின் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும்படி செய்துவிட்டு வந்தேன். வரும்போது மாமாவுக்கு ஒரு வகுப்பும் எடுத்தேன்.

"இந்த நம்பர ஆரு கேட்டாலும் குடுக்கக்கூடா மாமா. நானே வந்து கேட்டாலும் குடுக்கக்கூடா."

"ஓம் மகன்" என்றார் மாமா. மாமா ஒன்றைச் சொன்னால் செய்வார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் உதுமாலெவ்வை காக்கா எனக்குப் போன் எடுத்தார். மாமாவின் டிரைவர்மாரில் மூத்தவர் அவர், அதனால் எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன். மற்ற மூவரும் அவர் போகிற பக்கம் போவார்கள்.

"தம்பி, ஒண்டும் திறக்குதில்ல. வெள்ளையாக் கிடக்கு."

நான் பாயில் படுத்தபடியே என் போனில் பார்த்தேன். அழகாகத் திறந்தது. அன்றைய வரிசை முழுவதும் இருந்தது.

"எனக்குத் திறக்குது காக்கா. உங்கட போன்லதான் கோளாறு. நிப்பாட்டிப் போட்டுத் திரும்பப் போடுங்க."

அவர் போட்டார். திறக்கவில்லை. சிக்னல் காணாது, றோட்டுக்கு வாங்க என்றேன். வந்தார். இன்னும் உயரமான இடத்துக்குப் போங்க என்றேன். லொறியில் ஏற்றி நின்ற மெசினுக்கு மேலே ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தார். அறுபதை நெருங்கும் மனுசன். திறக்கவில்லை.

அடுத்து இரண்டாவது டிரைவர், பிறகு மூன்றாவது, பிறகு நான்காவது டிரைவர். நால்வருக்கும் ஒரே வெள்ளை. நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: மாமாவின் டிரைவர்மார் நால்வரும் தரமில்லாத போன் பாவிக்கிறார்கள்.

ஆறரைக்கு றிஸ்னா எடுத்தாள்.

"மச்சான், எனக்கும் திறக்குதில்ல."

"உன்ட போன்லயும் கோளாறா இரிக்கும்."



"அஞ்சு பேருக்குத் திறக்குதில்ல. உங்க ஒராளுக்குத் திறக்குது. அப்ப கோளாறு அஞ்சு பேரிலயா, ஒராளிலயா?"

"நெட்வேர்க் எண்டது பெரிய விசயம் மச்சி. அப்படி லேசாச் சொல்லேலா."

"சரி, உங்களுக்குத் திறக்குதுதானே. லிஸ்ட்ட வாசிங்க. நான் எழுதி நாலு பேருக்கும் சொல்றன்."

இந்த இடத்தை நான் மெதுவாக எழுதுகிறேன், ஏனென்றால் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல ஆலோசனை அது. வாசிப்பதற்கு இரண்டு நிமிடம் போயிருக்கும். நான் சொன்னேன்:

"அடிப்படைப் பிரச்சினையத் தீர்க்காம மேலால மருந்து பூசிறது சரியில்ல. அரை மணித்தியாலம் தா."

"சரி மச்சான்" என்றாள். இரண்டாவது "சரி".

அந்த அரை மணித்தியாலத்தில் நான் சர்வரின் உள்ளே போய் இணையத்தளத்தை இரண்டு தடவை நிறுத்தி ஓடவிட்டேன். சர்வரையே ஒருமுறை நிறுத்தி எழுப்பினேன். ஒரு பிழையும் இல்லை, எனக்கு எல்லாம் திறக்கிறது. தொலைபேசிக் கம்பனிகள் எல்லாம் ஒரே நாளில் பழுதாகிவிட்டன என்று ஒரு கொள்கையை உருவாக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது.

பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தில் எங்கள் வீட்டு ரவுட்டர் செத்துப் பிழைத்தது. எங்களைப்போன்ற சாதாரண வீட்டு இணைப்புக்கு நிரந்தர விலாசம் கிடையாது. ரவுட்டர் புதிதாக எழும்பினால் கம்பனி புதிதாக ஒரு இலக்கம் கொடுக்கும். கொடுத்தது. காவலுக்கு நான் எழுதிக் கொடுத்த விலாசத்தில் இப்போது நானே இல்லை.

இது தெரியாமல் போனைக் கையில் எடுத்தேன். அதில் காலையில் திறந்த பக்கம் அப்படியே இருந்தது. நான்கு மெசின், பதினொரு வயல், பெயர், நேரம், எல்லாம். அந்த வேளையில் இந்தப் பூமியில் எங்கள் கைக்கு எட்டிய ஒரேயொரு வரிசை அதுதான். ஒரு படம் பிடித்திருக்கலாம். ஒரு துண்டில் எழுதியிருக்கலாம். சும்மா பார்த்துக்கொண்டு இருந்திருந்தாலும் போதும். நான் புதிதாக வந்திருக்கிறதா என்று பார்க்க, விரலை வைத்துக் கீழே இழுத்தேன்.

வெள்ளை.

இன்னொரு தடவை இழுத்தேன். அதே வெள்ளை. லெப்டொப்பில் சர்வருக்குள் போக முயன்றேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, பதில் இல்லை என்று வந்தது. அப்போதுதான் வெள்ளிக்கிழமை நான் எழுதிய விதி ஞாபகம் வந்தது. ஆனால் அதில் பாதிதான் ஞாபகம் வந்தது: என் விலாசம் மாறிவிட்டது, எனக்கு உள்ளே போக முடியவில்லை. மற்ற ஐந்து பேருக்கும் காலையிலிருந்தே ஏன் முடியவில்லை என்ற மறுபாதி வருவதற்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் ஆகும்.

விதியை மாற்ற கிளவுட் கணக்குக்குள் போகவேண்டும். போனால் ஆறு இலக்கம் கேட்டது. இலக்கம் மாமாவின் போனில். மாமா சுபஹுத் தொழுகையோடு வயலுக்குப் போனவர். எடுத்தேன், தொடர்பில் இல்லை என்றது.

எட்டு மணிக்கு றிஸ்னா மறுபடி எடுத்தாள். இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது.

"சொறிக்கல்முனை மரியநாயகம் அண்ணன் எடுத்தவர். காலம ஆறு மணிக்கு மெசின் வரும் எண்டு நேத்து அவர்ட போன்ல காட்டினதாம். இன்னம் காணல்லயாம். மேக்கால கறுத்துக்கொண்டு வருதாம்."

"மெசின் எங்க?"

"நாலும் சவளக்கடை வயலில. லிஸ்ட் இல்ல எண்ட உடன உதுமாலெவ்வை காக்கா நேத்து பாதியில விட்ட வயலுக்குப் போயிட்டார். மத்தவங்களும் பின்னால போயிட்டாங்க. இப்ப அங்க உள்ளவங்க விடமாட்டமெண்டு நிக்கிறாங்க. லிஸ்ட்டக் காட்டுங்க, எங்கட பேர் இல்லாட்டிக் கொண்டு போங்க எண்டு செல்றாங்க."

அலுமாரிக்கு மேலே இருக்கும் கொப்பியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வாப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்து, லெப்டொப்பைப் பையில் போட்டு நெஞ்சில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கல்முனையைத் தாண்டி, ஆற்றைக் கடக்கும் கிட்டங்கித் தாம்போதியில் ஏறியபோது எதிரே வானம் ஈயப் பாத்திரத்தின் அடிபோல் இருந்தது. வழிநெடுகப் பழுத்த வயல். அதில் பாதி என்னால்தான் வெட்டாமல் நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. கெட்டிக்காரர்களுக்குக் குற்ற உணர்விலும் ஒரு பெருமை உண்டு.

சவளக்கடையில் கண்ட காட்சியை மறக்க முடியாது. ஒரு வயல் வட்டையில் ஒரு மெசின் நிற்பதே பெரிய காரியம். அங்கே நான்கும் வரிசையாக நின்றன. ஒன்றுதான் வெட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றின் டிரைவர்மாரும் மரநிழலில் போனைக் கழற்றி, பற்றரியை ஊதி, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்கள். (நான் சொன்ன வைத்தியம்தான்.) நடுவில் மாமா சாரனை மடித்துக் கட்டி, கக்கத்தில் குடையோடு, பத்துப் பன்னிரண்டு வயல்காரருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன மகன்?"

"சின்னப் பிரச்சினை மாமா. அஞ்சு நிமிசத்துல சரி."

என் போனிலிருந்து இன்டர்நெட்டை லெப்டொப்புக்கு எடுத்து, வரம்பில் குந்தி, கணக்கைத் திறந்தேன். ஆறு இலக்கம் கேட்டது.

"மாமா, உங்கட போனுக்கு ஒரு நம்பர் வந்திரிக்கும்."

மாமா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"வந்திரிக்கி."

"வாசிங்க."

"ஏலா."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"நேத்து என்ன சென்ன? நீயே வந்து கேட்டாலும் குடுக்கக்கூடாண்டு சென்னியா இல்லியா?"

"அது வேற மாமா."

"அது வேற எண்டும் ஒரு ஆள் சொல்லுவான், அதையும் நம்பப்படா எண்டும் சென்ன."

சொல்லித்தான் இருந்தேன். வயல்காரர்கள் தலையாட்டினார்கள். ஒருவர், "ஹாஜியார் சொல்றது நியாயம்தானே தம்பி" என்றார். இதற்குள் அந்த இலக்கத்தின் ஆயுள் முடிந்துவிட்டது.

இரண்டாவது இலக்கம் வந்தது. மாமா ஒரு நடுவழி கண்டார்: எனக்குச் சொல்லமாட்டார், தானே அடிப்பார். லெப்டொப்பை வாங்கி, ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு இலக்கத்தையும் தேடிப் பிடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி அழுத்தினார். ஐந்தாவது இலக்கத்தில் நேரம் முடிந்தது. மூன்றாவது தடவை உதுமாலெவ்வை காக்கா கையைச் சாரனில் துடைத்துக்கொண்டு வந்து, மாமா காதோடு காதாகச் சொல்ல, ஆறையும் சடசடவென்று அடித்தார். நான் மறுபக்கம் திரும்பி நிற்கவேண்டியிருந்தது. மாமா அப்படித்தான் நிற்கச் சொன்னார்.

கதவு திறந்தது. விதியைக் கண்டுபிடித்தேன். பழைய விலாசத்தை அழித்தேன். "என் விலாசம்" என்ற அந்தப் பொத்தான் மறுபடி என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். அழுத்தினேன்.

லெப்டொப்பில் இணையத்தளம் பளிச்சென்று வந்தது.

"வந்துட்டு" என்று எழும்பி நின்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன் போல. வெட்டிக்கொண்டிருந்த மெசின்காரனும் நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

உதுமாலெவ்வை காக்கா தன் போனைப் பார்த்தார். "எனக்கு வரல்ல."

"நிப்பாட்டிப் போட்டு..." என்று தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மீதி வாய்க்குள் போய்விட்டது.

அந்த நேரம் றிஸ்னா மாமாவின் போனுக்கு எடுத்தாள். வரம்பில் எல்லாரும் கேட்கும்படி மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், இப்ப எங்க நிக்கிறீங்க, என்னத்தப் பாக்கிறீங்க?"

"ஃபயர்வோல் விதி."

"அதுல என்ன எழுதியிரிக்கி? எனக்கு வெளங்கிற மாதிரி வாசிங்க."

காலையில் வாசிக்கமாட்டேன் என்றவன் இப்போது வாசித்தேன். "உள்ள வர அனுமதி. எல்லா வாசலும்."

"ஆருக்கு?"

"எனக்கு."

"வேற?"

நான் கீழே பார்த்தேன். அடுத்த வரி இல்லை. மேலே பார்த்தேன். மேலேயும் இல்லை. ஒரே ஒரு வரி. நானே எழுதியது.

"வேற ஒண்டும் இல்ல" என்றேன்.

கொக்கு ஒன்று பறந்து போனது கேட்டது. 

"அப்ப நாங்க?" என்றாள் றிஸ்னா.

உதுமாலெவ்வை காக்கா மெதுவாக எண்ணிப் பார்ப்பவர்போல் சொன்னார். "காலம ஆறு மணியில இரிந்து... நான் மெசினுக்கு மேல ஏறி நிண்டது... அது எனக்குப் பூட்டியிருந்த கதவுக்கா தம்பி?"

 மாமா குடையை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றினார். அதற்கு அவர் என்னை இரண்டு அடி அடித்திருக்கலாம்.

பொது வாசலை உலகத்துக்கே திறந்து ஒரு விதி எழுதினேன். இருபது விநாடி. நான்கு டிரைவர்மாரின் போனும் ஒன்றாகக் கிணுகிணுத்தன. வரிசையின் முதலாவது வரி: முதலாம் மெசின், காலை ஆறு மணி, சொறிக்கல்முனை, மரியநாயகம். நேரம் அப்போது ஒன்பதரை.

 உதுமாலெவ்வை காக்கா மெசினை லொறியில் ஏற்றினார். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. போகாமல் வீட்டுக்குத் திரும்புவதற்கு முகம் இல்லை.

மரியநாயகம் அண்ணன் வரம்பில் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும், மெலிந்த மனுசன். இரண்டு ஏக்கர் அவருக்கு, அதுதான் வருசச் சாப்பாடு. அவர் எங்களைப் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் இருந்த வானத்தைப் பார்த்தார். மெசின் இறங்கியது. உதுமாலெவ்வை காக்கா அன்று ஓட்டியதுபோல் ஒருவன் ஓட்டி நான் கண்டதில்லை. ஒன்றரை ஏக்கர் முடிந்து, நெல் சாக்கில் ஏறி, படங்கால் மூடும்போது முதல் துளி என் கழுத்தில் விழுந்தது. அடுத்த நிமிடம் கொட்டத் தொடங்கியது. மெசினின் சங்கிலி சேற்றில் புதைந்து நின்றது. மிச்ச அரை ஏக்கரும் எங்கள் கண்ணுக்கு முன்னால், காற்றோடு சேர்ந்து, ஒரு பக்கமாகப் படுத்தது.

நான் நனைந்துகொண்டு அவரிடம் போனேன்.

"அண்ணன், மெசின் பிந்தினது என்னாலதான். மெசினாலயும் இல்ல, டிரைவராலயும் இல்ல."

அவர் சாக்குகளை மூடிய படங்கின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"தம்பிக்கு வயல் வேலை தெரியுமா?" என்றார்.

"தெரியா."

"கம்பியூட்டர்காரனுக்கு விரல் நல்லா ஓடுமெல்லோ. நாளைக்கு வெள்ளன வாங்க."

போனேன். விழுந்த கதிருக்கு மெசின் சரிவராது. தாக்கத்தியால் குனிந்துதான் அறுக்கவேண்டும். இரண்டு நாள் அறுத்தேன், இரண்டு நாள் ஈர நெல்லைப் படங்கில் பரப்பிக் காலால் துழாவிக் காய வைத்தேன். என் கையில் வந்த கொப்புளங்களை உம்மா எண்ணினார். ஒன்று இரண்டு சாக்கு நிறம் மாறியது, மற்றது தப்பியது. மரியநாயகம் அண்ணனின் மனைவி மூன்று வேளையும் தேத்தண்ணி தந்தார். கடைசி நாள் அவர் கணவரிடம், "இந்தத் தம்பி என்ன படிச்சவர்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "ஏதோ கதவு பூட்டிற வேலையாம்" என்றார் அவர். என் தொழிலை இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

மாமா அந்தக் கிழமை முழுவதும் என்னிடம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கல்யாணப் பேச்சு அறுவடையோடு அறுந்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, உம்மாவிடம் கொழும்புக்குத் திரும்பப்போகிறேன் என்றேன். உம்மா அழவில்லை, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அன்று பின்னேரம் மாமா வீட்டுக்கு வந்தார்.

"றிஸ்னா செல்றாள், பொடியன் பிழைய மறைக்கல்ல, மழைக்குள்ள நிண்டு சென்னான், பிறகு போய் வெட்டியும் குடுத்தான் எண்டு" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "கம்பியூட்டரப் பத்தி அவள் ஒண்டும் சொல்லல்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

றிஸ்னாவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கிளவுட் கணக்கு இனி அவளுடைய பெயரில் இருக்கவேண்டும். நான் ஒத்துக்கொண்டேன். அவள் ஃபயர்வோல் என்றால் என்ன என்று ஒரு கிழமையில் படித்துக்கொண்டாள். பொது வாசலுக்கு ஒரு விதி, திருத்த வேலைக்கு ஒரு விதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி, எல்லாவற்றையும் ஒரு புதுச் சீஆர் கொப்பியிலும் எழுதி வைத்தாள். இப்போது ஏழு ஊர்களின் வெட்டு மெசின்கள் அந்தச் சிஸ்டத்தில் ஓடுகின்றன. கம்பனிகளுக்குப் பாதுகாப்பைப் பற்றி ஆலோசனை சொல்லப் போகிற ஆள் நான். விதிகளை எழுதுகிற ஆள் அவள்.

அடுத்த சிறுபோகம் முடிந்த கையோடு எங்கள் கல்யாணம். பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து, மாப்பிள்ளைக் கூட்டத்தோடு கல்முனைக்கு, பெண் வீட்டு வாசலுக்கு வந்து இறங்கினேன். கேட்டில் உதுமாலெவ்வை காக்கா வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நின்றார். இரண்டு பக்கமும் மற்ற டிரைவர்மார். கையில் ஒரு கடதாசி.

வாப்பாவை உள்ளே விட்டார். உம்மாவை விட்டார். என்னோடு வந்த நாற்பது பேரையும், மரியநாயகம் அண்ணனையும் அவர் மனைவியையும், ஒவ்வொருவராகக் கடதாசியில் பார்த்து, மரியாதையாக உள்ளே விட்டார். கடைசியாக நான்.

"மாப்புள எந்த விலாசத்துல இரிந்து வாறார்?"

"சாய்ந்தமருது காக்கா."

அவர் கடதாசியை மேலிருந்து கீழே பார்த்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"லிஸ்ட்ல இல்லையே தம்பி."

உள்ளே போனவர்கள் எல்லாரும் ஜன்னல்களில் வந்து நின்றார்கள். மாமா குடையில்லாத கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார், உதவி செய்கிற எண்ணமே இல்லாமல். முழுப் பத்து நிமிடம், நடு வெயிலில், மாலையும் கோட்டுமாக நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். கல்யாண வீடியோ எடுத்தவர் அதில் ஒரு விநாடியையும் விடவில்லை.

பெருநாளைக்கு யார் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் போட்டுக் காட்டுவார்கள். நிக்காஹை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் மகளுக்கு இப்போது நான்கு வயது. அவள் ஒவ்வொரு தடவையும் திரைக்குக் கிட்டப் போய் நின்று, வியர்த்து வழிகிற அந்த மாப்பிள்ளையைக் காட்டி ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"உம்மா, வாப்பாவ ஆரு உள்ள விட்ட?"

றிஸ்னா பலகாரத் தட்டிலிருந்து தலை நிமிர்த்தமாட்டாள்.

"நான்தான் மகள்."